தோட்டத்துக்கு விழுந்த வாக்குகள்

வாங்கோ பிள்ளை, உள்ளுக்க வாங்கோ. சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லை. சரி, கழட்டுங்கோ, நேற்றுத்தான் துடைச்சனான். அந்தப் பெட்டியளில இடறிப்போடாதேங்கோ, அதெல்லாம் மகளின்ர சாமான். சனிக்கிழமை ஏத்தப்போகினம். அதைப் பிறகு சொல்லுறன். முதல்ல இருங்கோ.

கீழ நிண்டு பெல் அடிச்சு, “வணக்கம் அன்ரி, என்ர பேர் ஆரணி, நகரசபை எலக்சனில நிக்கிறன்” எண்டு நீங்கள் தமிழில சொன்னவுடன எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்கட பிள்ளை ஒண்டு எலக்சனில நிக்குதே எண்டு. மேல வந்து தாளைத் தந்த பிறகுதான் பாத்தன், பச்சைக் கட்சி. சுருக்கெண்டுது. இருந்தாலும் வீட்டை வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புற ஆள் நான் இல்லை. தேத்தண்ணிக்குப் பால் விடுவியளோ? ஓட்ஸ் பாலோ? அது இஞ்ச இல்லையம்மா. வெறும் தேத்தண்ணி குடியுங்கோ. சீனி போடலாமோ, அல்லாட்டி அதுக்கும் கட்சியைக் கேக்கவேணுமோ? பகிடிக்குச் சொன்னனான், குறை நினையாதேங்கோ.

உந்தத் தாளில என்ன போட்டிருக்கிறியள்? கண்ணாடியை எடுப்பம். மேல, “எல்லாருக்கும் கட்டுப்படியான வாடகையில வீடு.” கீழ, “ஊருக்குள்ள இருக்கிற பச்சை நிலத்தைக் காப்பம்.” ஏன் பிள்ளை, வீட்டை வானத்திலயோ கட்டப்போறியள்? ரெண்டையும் ஒரே தாளில எழுத உங்கட ஆக்களுக்கு வெக்கமில்லையோ? ஒண்டைச் சொல்லவேணும், சொன்னதில நிக்கவேணும். நான் அப்பிடித்தான்.

உங்கட கட்சியோட எனக்கு ரெண்டு கோவம். ஒண்டு, என்ர தோட்டத்தை அழிக்கப் பாத்தனீங்கள். மற்றது, என்ர மகளுக்கு இந்த ஊரில ஒரு வீடு எடுத்துக் குடுக்க உங்களால ஏலாமல் போச்சு. ரெண்டையும் கேட்டிட்டுத்தான் நீங்கள் எழும்பலாம்.

தோட்டம் எண்டால், ரயில் பாதையோரமா சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்டிலயும் ஒரு மரக்குடிலும் வேலியும் இருக்கே, அது. நிலம் நகரசபையின்ர. தோட்டக்காரர் சங்கம் அதைக் குத்தகைக்கு எடுத்து எங்களுக்குப் பிரிச்சுத் தரும். பேரைக் குடுத்திட்டு நான் காத்துக் கிடந்த காலத்துக்கு ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமே போயிருக்கும். சனம் நினைக்குது, ஊர் ஞாபகத்திலதான் இவ பாவலும் வெண்டியும் வைக்கிறா எண்டு. ஊரில எங்களுக்கு ஏது காணி? அப்பா மற்ற ஆக்களின்ர வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறி விடக் கூலிக்குப் போனவர். நாங்கள் வரம்பில நிண்டு பாக்கலாம். ஒரு மிளகாய் பிடுங்கினாலும் ஏச்சுத்தான்.

ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில இருந்து, ஆஸ்பத்திரிக் குசினியில சட்டி கழுவி, முழங்கால் ரெண்டும் தேஞ்சு போன பிறகுதான், இந்தா, இதில நீ விரும்பினதை நடு எண்டு ஒரு துண்டு மண் என்ர கையில வந்தது. முதல் நாள் அதில குந்தியிருந்து அழுதனான். இவர், என்ர மனிசன், பயந்துபோனார், முழங்கால்தான் நோகுதாக்கும் எண்டு. அந்த மண் எனக்கு என்னெண்டு இப்ப விளங்குதோ? சந்தோசமா இருந்தது பிள்ளை. இந்த நாட்டில நான் சந்தோசமா இருந்த இடம் அது ஒண்டுதான்.

சங்கத்துத் தலைவன் பிறென்னர் எண்டு ஒரு கிழவன். சட்டம் சட்டம் எண்டு உயிரை எடுப்பான். காணியில மூண்டில ஒரு பங்கில கட்டாயம் மரக்கறியோ பழமோ இருக்கவேணும், அது சட்டம். என்ர காணியில மூண்டு பங்கிலயும் மரக்கறி. அதுக்கும் முகத்தைச் சுழிப்பான், புல்லுத்தரை எங்க எண்டு. மத்தியானத்தில சத்தம் போடக்கூடாது. வேலி வளரக்கூடாது. பாவக்காய்க்குப் பந்தல் போட்டன், அளவுகோலோட வந்திட்டான். உயரமாம், பக்கத்துக் காணிக்கு நிழல் விழுதாம். பாவல் என்ன குனிஞ்சு நிண்டோ காய்க்கும்? வெட்டிக் குறைச்சன். இத்தினை வருசத்தில அவன் என்ர படலைக்கு உள்ளுக்க ஒருநாளும் காலெடுத்து வைச்சதில்லை. வேலிக்கு அங்கால நிண்டுதான் சட்டம் வாசிப்பான்.

அப்பிடி இருக்கேக்க, போன வருசம் நகரசபை ஒரு திட்டம் கொண்டு வந்தது. தோட்டம் முழுக்க எடுத்து அடுக்குமாடி கட்டப்போகினமாம். மரத்தால கட்டுற வீடாம். கூரை முழுக்க வெயிலில கரண்ட் எடுக்கிற தகடாம். கார் விட இடமில்லை, சைக்கிள் விட இடமிருக்காம். அரைவாசி வீடு குறைஞ்ச வாடகைக்காம். ஆர் முன்னுக்கு நிண்டது? உங்கட கட்சி. பச்சை எண்டு பேரை வைச்சுக்கொண்டு பச்சையை வெட்ட நிண்ட ஆக்கள். ஓமோம், தெரியும், நீங்கள் அப்ப கட்சியில இல்லை. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்.

அதுக்கொரு கூட்டம் வைச்சவை. உங்கட ஆள் ஒருத்தர் வந்தவர், கையில சைக்கிள் தொப்பி. சமூக நீதி, சமூக நீதி எண்டு மூச்சுக்கு மூச்சு. வீடில்லாத குடும்பங்களை நினைச்சுப் பாக்கவேணுமாம், நாங்கள் கொஞ்சம் விட்டுக்குடுக்கவேணுமாம். நான் கையைத் தூக்கினன். என்ர டொச் பாசை குசினி டொச்தான், ஆனால் கேக்கவேண்டியதைக் கேப்பன். “நீங்கள் எங்க இருக்கிறியள்?” எண்டு கேட்டன். மலையடிப் பக்கமாம், காசுக்காரர் இருக்கிற இடம். “வீடு சொந்தமோ?” சொந்தமாம். “வளவு இருக்கோ?” ஆள் கையில இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு, இருக்கு எண்டார். “அப்ப உங்கட வளவில கட்டுங்கோவன்” எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன். மண்டபம் முழுக்கக் கைதட்டு. நான் சொன்னதில பிழை இருக்கோ பிள்ளை? சொல்லுங்கோ பாப்பம். விட்டுக்குடு விட்டுக்குடு எண்டு எப்பவும் எங்களிட்டத்தானே கேக்கிறியள். மலையடிக்காரரிட்ட ஆர் கேட்டது?

அடுத்தநாளே பிறென்னர் என்ர படலையைத் திறந்துகொண்டு உள்ளுக்க வந்தார். “ஃபிறவ் இராசமலர்” எண்டு மரியாதையாக் கூப்பிட்டார். அதுவரைக்கும் நான் அவருக்கு ஒரு காணி நம்பர். குடிலுக்குள்ள இருந்து ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். உறைப்பில கண்ணால தண்ணி வர வர மூண்டாவதையும் எடுத்தார். நகரசபைக்கு எதிரா ஊர்ச் சனத்திட்ட வாக்கெடுப்பு வைக்கப்போகினமாம், போஸ்டருக்கு என்ர படம் வேணுமாம். அண்டையில இருந்து ‘அவன்’ எனக்கு ‘அவர்’ ஆயிட்டார்.

மஞ்சள் பட்டுச் சீலை, கையில பாவக்காய், பின்னால பந்தல். கீழ பெரிசா, “இதுவும் எங்கள் ஊர்.” பந்தலை உயத்திக் கட்டச் சொன்னதே அவர்தான், படத்துக்கு அதுதானாம் வடிவு. ஸ்டேசனில, பாண் கடையில, எல்லா இடமும் நான். வேலைக்குப் போக பஸ் தரிப்பில நிண்டால், அங்க கண்ணாடிக்குள்ளயும் நான் நிக்கிறன். என்னைப் பாத்துக்கொண்டு நான் பஸ்சுக்குப் பாத்துக்கொண்டு நிண்டன். சிரிக்காதேங்கோ. இத்தினை வருசம் இந்த ஊரில குனிஞ்ச தலை நிமிராமல் வேலை செய்தனான். அந்தப் போஸ்டரில நான் நிமிந்து நிண்டன்.

குசினியில என்னோட எரித்திரியாப் பிள்ளை ஒண்டு வேலை செய்யுது, செலாம் எண்டு. மூண்டு பிள்ளையளோட ஒரு அறையில இருக்குது. போஸ்டரைப் பாத்திட்டு வந்து, “மலர், அந்த வீடுகளைக் கட்டினால் எனக்கும் ஒண்டு கிடைக்கும் எண்டு இருந்தன்” எண்டாள். நான் என்ன செய்ய? ஜேர்மன் பாஸ்போட் இல்லை, அதால அவளுக்கு வாக்கும் இல்லை. ஒரு பை நிறையக் கீரை பிடுங்கிக் குடுத்தன். வீடு கேட்டவளுக்குக் கீரை குடுத்த மனிசி நீர்தான் எண்டு இவர் நக்கலடிக்கிறார். நல்ல முளைக்கீரை அது.

அந்த வீடெல்லாம் இப்ப வந்து இறங்கிற அகதியளுக்குத்தான் போகும், உங்கட ஆக்களுக்கு ஒண்டும் கிடையாது எண்டு பிறென்னர் சொன்னவர். நானும் அதைத்தான் எங்கட சனத்துக்குச் சொன்னன். நாங்களும் அகதியா வந்தனாங்கள்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் நாங்கள் வந்த உடன வீடு கேட்டனாங்களோ? கேட்டனாங்கள். தரேல்லை. அது வேற கதை.

வாக்குச் சேர்க்க பிறென்னரின்ர ஆக்கள் தபால்பெட்டியளுக்க தாள் போட்டினம். எங்கட சனம் தாளை வாசிக்குமோ? கலியாணத்துக்கே போனில சொன்னால் வராத சனம். வீட்டை வந்து சொல்லேல்லை எண்டு சொந்தத் தங்கச்சியின்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்குப் போகாமல் விட்ட ஆக்களை எனக்குத் தெரியும். அதால நான் முறைப்படி செய்தன். தட்டத்தில வெத்திலை பாக்கு, கற்கண்டு, குங்குமம். அதே மஞ்சள் சீலை. ஜேர்மன் பாஸ்போட் இருக்கிற தமிழ் வீடு ஒண்டும் விடேல்லை. “வாற ஞாயிறு வாக்கெடுப்பு, குடும்பமா வந்து தோட்டத்துக்குப் போட்டுத் தரவேணும்” எண்டு, கலியாணம் சொல்லுறமாதிரி சொல்லித் தட்டத்தை நீட்டுவன். கற்கண்டை எடுத்து வாயில போட்டிட்டால் பிறகு எப்பிடி மாத்திப் போடுறது? வீட்டை வந்து சொன்னவளுக்கு முகம் முறிக்கிறதே?

ஒரு வீட்டில ஒரு பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டாள். தாங்களும் அந்தப் புது வீட்டுக்குப் பதிஞ்சிருக்கினமாம். நான் தட்டத்தை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். “வீட்டை வந்திட்டியள் அன்ரி, என்ன செய்யிறது” எண்டு எடுத்தாள். பாத்தியளோ, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. பிறென்னருக்கு இது விளங்கேல்லை. இது லஞ்சம் ஆகாதோ எண்டு பயந்து கேட்டார். கற்கண்டில ஆராவது லஞ்சம் குடுப்பினமோ? இது மரியாதை எண்டன்.

இப்ப மகளின்ர கதைக்கு வாறன். தர்சிகா. உள் அறையில சாமான் கட்டுறாள், கேக்குதெல்லோ ரேப் இழுக்கிற சத்தம்? அவளும் அதே ஆஸ்பத்திரிதான். நான் குசினி, அவள் நேர்ஸ். மருமகன் பஸ் ஓடுறார். ஒரு பொம்பிளைப் பிள்ளை, ரெண்டு வயசு. முந்தி அவை இருந்த வீட்டுக்காரன் கட்டடத்துக்கு வெளியால தடிப்பா ஒண்டை ஒட்டி, யன்னல் எல்லாம் மாத்தி, குளிருக்கு நல்லது, சூழலுக்கு நல்லது எண்டு சொல்லி வாடகையை ஏத்தினான். எந்தக் குளிருக்கு? நடுத்தெருக் குளிருக்கோ? கட்டேலாமல் எங்களோட வந்து சேந்தவை. இது ரெண்டறை வீடு. படுக்கிற அறையை அவைக்குக் குடுத்திட்டு நாங்கள் இந்த சோபாவை விரிச்சுப் படுக்கிறம். ஒரு வருசத்துக்கு மேல.

அவள் தேடாத வீடில்லை. ஒரு வீட்டைப் பாக்க வரிசை தெருமுனை மட்டும் நிக்குது. போனில பேரைச் சொன்னவுடன வீடு போயிட்டுது எண்டுறாங்கள். ரெண்டு பேரும் உழைக்கினம், வரி கட்டுகினம், ஆஸ்பத்திரியில சனத்தின்ர காயத்தைத் துடைக்கிறாள், இந்த ஊர்ச் சனத்தை மருமகன்தான் ஏத்தி இறக்கிறார். அவைக்கு இந்த ஊரில படுக்க ஒரு இடமில்லை. எனக்கு வயிறு எரியுது பிள்ளை. எப்பதான் வீடு கட்டப்போறியள்? எப்ப?

பொறுங்கோ, எனக்குத் தெரியும் நீங்கள் என்ன சொல்ல வாறியள் எண்டு. நான் தட்டத்தோட வெளிக்கிட்டு நிக்க, இவள் கதவடியில வந்து நிண்டு, “அம்மா, போகாதேங்கோ” எண்டவள்தான். அந்தப் புது வீடுகளில ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்களுக்கு முதலிடம் எண்டு எழுதியிருக்கு, நாங்களும் பதிஞ்சிருக்கிறம் எண்டு சொன்னவள்தான். சொல்லேல்லை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் எழுதிறதெல்லாம் நடக்குமோ? கட்டி முடிய நாலைஞ்சு வருசம் எண்டவை. அதுக்கு முதல் என்ர பாவலைப் பிடுங்கியிருப்பியள். அதோட அவளுக்கு அது காரணமே இல்லை, எனக்குத் தெரியாதே என்ர பிள்ளையை? அவளுக்கு வெக்கம். தாய் சீலை கட்டிப் பாவக்காயோட போஸ்டரில நிக்கிறா எண்டு கூட வேலை செய்யிற ஆக்கள் கேக்கினமாம். இஞ்ச வளந்த பிள்ளையளுக்கு எங்கட எல்லாத்துக்கும் வெக்கம்தானே. உங்களைச் சொல்லேல்லை.

ஊர் முழுக்கச் சொன்ன நான் என்ர வீட்டுக்குச் சொல்லாமல் விடுறதே? கடைசி நாள், இந்த வாசலுக்கு வெளியால போய் நிண்டு, பெல் அடிச்சு, முறையா உள்ளுக்க வந்து, மகளுக்கும் மருமகனுக்கும் தட்டத்தை நீட்டினன். மருமகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கால போயிட்டார். இவள் கன நேரம் தட்டத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு ஒரு கற்கண்டை எடுத்தாள். கண் கலங்கிப் போச்சு. எனக்குப் பெருமையா இருந்தது. தாய் இந்த வயசில எவ்வளவு செய்யிறா எண்டு நினைச்சுத்தான் கலங்கிறாளாக்கும் எண்டு.

வெண்டிட்டம். கொஞ்ச வாக்கில. பேப்பரில போட்டவங்கள், எங்கட சனம் கூட இருக்கிற வட்டாரத்து வாக்காலதான் தோட்டம் தப்பினது எண்டு. தோட்டத்தில பெரிய கொண்டாட்டம். எல்லாரும் எனக்குக் கை தந்தவை. சாப்பாட்டுக்கு ரோல்ஸ் கொண்டு வரச் சொன்னவை, நூறு ரோல்ஸ் சுட்டுக் கொண்டு போனன். அங்க எனக்குத் தின்ன உருளைக்கிழங்கு சாலட்டைத் தவிர ஒண்டுமில்லை, மற்றதெல்லாம் பண்டி இறைச்சி. பரவாயில்லை. மண் தப்பினது.

பிறென்னருக்கு ஊருக்குள்ள மூண்டு வீடு இருக்கு, வாடகைக்கு விடுறவர். ஒண்டு அப்ப காலியாக் கிடந்தது. எனக்குத் தெரிய வந்து நான் போய்க் கேட்டன், மகளுக்குத் தாங்கோ எண்டு. இவ்வளவு செய்து குடுத்தனான், கேக்கிற உரிமை இருக்கெல்லோ? குழந்தை இருக்கிற குடும்பம் வந்தால் கீழ் வீட்டுக் கிழவிக்குச் சத்தம் எண்டு சொல்லிப்போட்டார். அதுக்கு அடுத்த கிழமை வேலிக்கு அங்கால வந்து நிக்கிறான், கையில அளவுகோல். பந்தல் உயரமாம். ‘அவர்’ திரும்பவும் ‘அவன்’ ஆனது அண்டைக்குத்தான். நான் இந்தமுறை குறைக்கேல்லை. வேணுமெண்டால் வந்து பிடுங்கட்டும்.

ஆனால் எனக்குப் பெரிய கோவம் அவனோட இல்லை. இவளோட. வாக்கு எண்ணின பிறகு நான் இவளோட சரியாக் கதைக்கேல்லை. ஏனெண்டால் இவள் எதிராப் போட்டவள். எனக்குத் தெரியும். வெண்ட செய்தி ரேடியோவில வர, நான் துள்ளிக் குதிக்கிறன், இவள் எழும்பிக் குசினிக்குள்ள போய்ப் பாத்திரம் கழுவுறாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுறாள். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, கற்கண்டு எடுக்கேக்க கண் கலங்கினது பெருமையில இல்லை. எதிராப் போடப்போற மனச்சாட்சி குத்தியிருக்கு. பெத்த தாயின்ர தட்டத்தில எடுத்திட்டு எதிராப் போடுறதெண்டால் குத்தாதே?

பிறகு ஒருநாள், வாய்த்தர்க்கம். என்ன கதையில தொடங்கினது எண்டும் ஞாபகமில்லை, குழந்தையின்ர உடுப்புக் காயப் போட இடமில்லை எண்டோ என்னவோ. “என்ர வீடு இவ்வளவுதான், போறதெண்டால் போ” எண்டிட்டன். கோவத்தில சொல்லுறதுதானே? தாய் சொன்னால் பிள்ளை அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதே? இவள் கிழக்கு ஜேர்மனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டாள். உடன வேலை. அங்க வீடுகள் சும்மா பூட்டிக் கிடக்காம், வாடகை அரைவாசியாம். மூண்டு ரயில் மாறிப் போகவேணும். அங்க கறுத்த தலையைக் கண்டால் ஒரு மாதிரித்தான் பாப்பினம் எண்டு சனம் சொல்லுது. அந்தக் குழந்தையைக் கொண்டுபோய் அங்க வைச்சு வளர்க்கப் போகினம். விடிய எழும்பினால் அது முதல் என்னட்டைத்தான் வரும் பிள்ளை. இந்த சோபாவில ஏறி என்ர கம்பளிக்குள்ள புகுந்திடும். ஞாயிற்றுக்கிழமை விடிய நான் என்ன செய்யிறது? ஆரிட்டை நான் இதைச் சொல்லி அழுறது?

அதுதான் கேக்கிறன். நீங்கள் எலக்சனில நிக்கிற ஆள். நகரசபையில உங்கட ஆக்களின்ர சொல்லு எடுபடும். சனிக்கிழமைக்கு முதல் ஒரு வீடு எடுத்துத் தர ஏலுமோ? சின்ன வீடு காணும். எடுத்துத் தந்தியள் எண்டால், நாளைக்கே அந்தத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தமிழ் வீடாப் போறன். அவ்வளவு வாக்கும் உங்களுக்குத்தான். சனிக்கிழமைக்கு ஏலாதெண்டால், கட்டப்போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் இவளை மறிச்சு வைக்கிறன். எங்க வேணுமெண்டாலும் கட்டுங்கோ. தோட்டத்தைத் தவிர.

என்ன கேக்கிறியள்? தர்சிகா எதுக்குப் போட்டவள் எண்டோ? அதுதான் சொன்னனே. நம்பிக்கை இல்லாட்டி அவளிட்டையே கேளுங்கோ. தர்சிகா! இஞ்ச ஒருக்கா வா. ரேப்பை வைச்சிட்டு வா. குழந்தை நித்திரையோ? சரி. இந்தப் பிள்ளை ஆரணி, எலக்சனில நிக்குது. பச்சைக் கட்சிதான், இருந்தாலும் நல்ல பிள்ளை. இவவுக்குச் சொல்லு, அண்டைக்கு நீ எதுக்குப் போட்டனீ எண்டு. பயப்பிடாத, நான் ஒண்டும் சொல்லமாட்டன். எதிராத்தானே?

என்ன?

திருப்பிச் சொல்லு.

தோட்டத்துக்கோ? நீயோ?

பொய் சொல்லாத. வந்த ஆக்களுக்கு முன்னால என்னைச் சமாளிக்கிறதுக்குச் சொல்லாத. உன்ர புருசன் எதிராப் போட்டது எனக்குத் தெரியும், அந்தாள் மறைக்கவும் இல்லை. நீ பதிஞ்சு வைச்சிருந்தனீ எல்லோ? முதலிடம் எண்டு என்னட்டை நீதானே சொன்னனீ? பிறகு ஏன் தோட்டத்துக்குப் போட்டனீ?

கேட்டியளோ பிள்ளை, என்ன சொல்லுறாள் எண்டு? “அம்மா வெளியால போய் நிண்டு பெல் அடிச்சு வந்தவா, நான் எப்பிடி மாத்திப் போடுறது” எண்டு கேக்கிறாள்.

அடி விசரி. நீ எனக்குப் பிள்ளையெல்லோ. மற்ற ஆக்களுக்குத்தானே அந்த முறை. நீ மாத்திப் போட்டிருக்கலாமே. நான் ரெண்டு நாள் ஏசியிருப்பன், பிறகு சரியாப் போயிருக்கும். இவ்வளவு நாளும் எதிராப் போட்டவள் எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ நான் உன்னோட கதைக்காமல் இருந்தனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் போ எண்டு சொல்லியிருப்பனே?

அப்ப இந்தப் பெட்டியெல்லாம் ஏன் கட்டுறாய்? என்னில கோவம் இல்லையெண்டால் பிறகு ஏன் போறாய்?

பாருங்கோ, சிரிக்கிறாள். “வீடில்லை அம்மா, வேற ஒண்டுமில்லை” எண்டு சொல்லுறாள். கோவமே இல்லாமல் சொல்லுறாள். கோவப்பட்டாலாவது நான் திருப்பி ஏதும் சொல்லுவன்.

எழும்பாதேங்கோ பிள்ளை. உங்களுக்கு இன்னும் எத்தினையோ வீடு இருக்கும், தெரியும். இருந்தாலும் கொஞ்சம் இருங்கோ. நீங்கள் போனால் நாங்கள் ரெண்டு பேரும் தனியா எல்லோ நிக்கவேணும்.